பட்டப்பகலில் சாத்திய கதவு

வண்டியூர் தெப்பக்குளத்துக்கு எதிரே ஒரு மாடி அறையில் எங்களுக்கு முகத்தை அசைக்காமல் வைத்திருக்கக் கற்றுக்கொடுத்தார்கள். எண்பதுகளின் தொடக்கம். எம்.ஏ. முடித்த கையோடு சேர்ந்திருந்தேன். பல நாடுகளில் ஒரே சமயத்தில் நடந்த ஆய்வு அது. வீட்டுக்குள் அடிபடும் பெண்களிடம் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்டு, எந்தச் சமூகத்தில் எப்படி என்று ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். கேட்டு எழுதப் பழகும் கற்றுக்குட்டிகள் நாங்கள் ஆறு பேர். எங்களுக்கு மேலே ஒரு சார், வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர்.

எதிரில் இருப்பவள் அழுதாலும் 'அச்சச்சோ' என்று சொல்லக் கூடாது. அறிவுரை கூடாது, தலையிடக் கூடாது, பொய் சொல்லவே கூடாது. பயிற்சிக்காக சாரே அடிபட்ட பெண்ணாக நடித்து விக்கி விக்கி அழுவார். நாங்கள் அவர் மீசையைப் பார்த்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போக வேண்டும். சிரிப்பை அடக்கி அடக்கியே என் முகம் கல்லாகிப்போனது. அந்த வித்தையில் நான்தான் முதல். அடுத்த கட்டப் பயிற்சிக்கு வெளிநாடு போக ஒரே ஒரு இடம் இருந்தது. அதற்கு என் பெயரைத்தான் எழுதி வைத்திருந்தார். மிஷன் பள்ளி வாத்தியாரான என் அப்பா அதற்குள் சர்ச்சில் பாதிப் பேரிடம் சொல்லிவிட்டார்.

படிவத்தின் முதல் பக்கத்தில் ஒரு கட்டம் உண்டு. 'தனிமை உறுதி செய்யப்பட்டதா?' அதில் டிக் இல்லையென்றால் மொத்தப் படிவமும் குப்பைக்குப் போகும். "கதவைச் சாத்திட்டுத்தாம்மா பேனாவைத் திறக்கணும்" என்பார் சார்.

டி. கல்லுப்பட்டியைத் தாண்டி உள்ளே இருந்த ஒரு ஊர் எனக்கு விழுந்தது. சித்திரை வெயில். நான் போன வீட்டுப் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். மாமியார் வெளியே வேப்பமரத்தடியில் புளி தட்டிக்கொண்டிருந்தாள். புருஷன் காட்டு வேலைக்குப் போயிருந்தான். ஒரே அறை, அதில் பாதியைப் பருத்தி மூட்டைகள் அடைத்திருந்தன. கையகல ஜன்னல். நான் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.

இந்த இடத்தில் என்மேல் எனக்கு இன்றும் கோபம் வரும். அந்தப் பக்கத்து ஊர்களில் பட்டப்பகலில் யாரும் கதவைச் சாத்துவதில்லை. சாத்தினால் உள்ளே பிரசவம் நடக்கிறது, இல்லையென்றால் யாரோ உத்தரத்தில் கயிறு போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். இது வெளிநாட்டில் இருந்துகொண்டு படிவம் எழுதியவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். என் அம்மா பிறந்ததே அந்தப் பக்கம்தான். தெரிந்தேதான், அந்த ஒரு டிக்குக்காகச் சாத்தினேன்.

சொல்வது யாருக்கும் தெரியாது என்று அவளிடம் சொல்லிவிட்டுக் கேள்விகளைத் தொடங்கினேன். ஒன்பதாவது கேள்வி, இப்போது கர்ப்பமாக இருக்கிறீர்களா. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து "இல்ல" என்றாள். டிக் போட்டேன். முப்பத்தொன்றாவது கேள்வி, கணவர் உங்களை அடித்ததுண்டா. அவள் ரவிக்கையைத் தோளில் கொஞ்சம் இறக்கிக் காட்டினாள். மாட்டை ஓட்டுகிற தார்க்கம்பின் ஆணி இழுத்த கோடு, இன்னும் ஆறவில்லை. என் முகம் அசையவில்லை. 'ஆம்' கட்டத்தில் டிக் போட்டேன்.

அப்போதுதான் கதவு தடதடவென்று அதிர்ந்தது.

"அடியே, கதவத் தொறடி! உள்ள என்னா பண்ணுற?" மாமியாரின் குரல். அதற்குப் பின்னால் இன்னும் பத்துக் குரல்கள். ஜன்னலில் ஒரு கண் தெரிந்தது. "காட்டுக்கு ஆளனுப்புங்கப்பா, அவன வரச் சொல்லுங்க" என்று யாரோ கத்தினார்கள்.

மூச்சை இழுத்தால் பஞ்சுத் தூசிதான் வந்தது. கதவைத் திறந்தால் ஏன் சாத்தினாய் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். திறக்காவிட்டால் உடைப்பார்கள். என்ன சொன்னாலும், நான் பஸ் ஏறிய பிறகு அடி வாங்கப்போவது அவள். பயிற்சிக் கையேட்டில் இதற்கு ஒரு பக்கமும் இல்லை. எலிப்பொறிக்குள் நானே நடந்து போய், அவளையும் கூட வைத்துப் பூட்டியிருந்தேன்.

"யாருக்கும் தெரியாதுன்னு சொன்னீகள்ல டீச்சர்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு படிவத்தை எடுத்து என் பைக்குள் திணித்தாள். "நீங்க நர்சு. எனக்கு நாள் தள்ளிப் போயிருக்கு, பாக்க வந்தீக. அம்புட்டுதான். மத்தத நான் பேசிக்கிறேன்."

தாழ்ப்பாளை அவளே எடுத்தாள். அதற்குள் புருஷன் ஓடி வந்திருந்தான், காலெல்லாம் கரிசல் மண். அவள் மாமியாரின் காதில் என்னவோ சொன்னாள். அவன் என்னிடம் வந்து, "நெசமாத்தானா நர்சம்மா?" என்று கேட்டான்.

நான் தலையை ஆட்டினேன்.

கூட்டம் சிரித்தது. மாமியார் கடைக்கு ஆளனுப்பி எனக்குக் குடிக்கக் கலர் சோடா வாங்கிவரச் சொன்னாள். புருஷன் வெட்கப்பட்டுக்கொண்டே என் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு மெயின் ரோடு வரை கொண்டுவந்து விட்டான். "வெயிலு எம்புட்டு அடிக்குது, பாத்துப் போங்கம்மா" என்றான். அவன் தோளில் பை, பைக்குள் அவனைப் பற்றிய ஆறு பக்கம். பஸ் வரும்வரை அந்தப் பையையே பார்த்துக்கொண்டு நின்றேன். திருப்பித் தா என்று கேட்கக்கூடப் பயமாக இருந்தது.

சாரிடம் எதையும் சொல்லவில்லை. படிவத்தைக் கொடுத்தேன். 'தனிமை' கட்டத்தைப் பார்த்து, "குட்" என்றார்.

ஒரு மாதம் போனது. சில படிவங்களை எடுத்து, அதே வீட்டுக்கு வேறொருவரை அனுப்பிச் சரிபார்ப்பது அங்கே வழக்கம். எழுதியவருக்கு முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். என் படிவத்தைச் சரிபார்க்க என் தோழியை அனுப்பியிருக்கிறார்கள். எங்கள் ஆறு பேரில் அவள்தான் எனக்கு நெருக்கம். திரும்பி வந்ததும் மாடிப்படியிலேயே என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"உன் ஆளு அந்த வீட்டுல இல்லடி. புருசன் ஒதைச்சதுல கரு கலைஞ்சுபோச்சாம். அண்ணன்மாரு வந்து பெரிய சண்ட. கையோட கூட்டிட்டுப் போயிட்டாங்க. நான் அவ பொறந்த வீட்டுக்கே போயி எழுதிட்டு வாரேன். நல்லாருக்கா."

நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். இல்லாத கருவை வைத்தே அவள் வெளியே வந்துவிட்டாள் என்று நினைத்தேன். சந்தோஷத்தில் அழுகை வந்தது. சாருக்குத் தெரியாமல் அழுதேன்.

மறுநாள் சார் இரண்டு படிவங்களையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். என்னுடையதில் கர்ப்பம் இல்லை. தோழியுடையதில் நான் போன அன்றைக்கே கர்ப்பம், பிறகு அடியால் கலைந்தது.

"ரெண்டுல ஒண்ணு தப்பு. எதும்மா?"

நான் இரண்டு படிவங்களையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"அந்தப் பொண்ணு மாத்திச் சொல்லியிருந்தா நானே ஜீப்ல போறேன். ரெண்டு வீட்லயும் கேட்டுட்டு வந்துடலாம். ஒளிவுமறைவு எதுக்கு?"

அந்த அறையில் ஜன்னல்கள் பெரியவை. தெப்பக்குளத்துக் காற்று தாராளமாக வந்தது. ஆனாலும் எனக்குப் பஞ்சுத் தூசி வாசம்தான் அடித்தது. என் படிவம் சரி என்றால் ஜீப் போகும். கரு பொய் என்று புருஷன் வீட்டில் தெரிந்தால், மறுநாளே அவளை இழுத்துப் போவார்கள்.

"என்னுதுதான் சார் தப்பு. அந்தக் கேள்விய நான் கேக்கவே இல்ல. நானா எழுதிட்டேன்."

அவர் ரொம்ப நேரம் என் முகத்தைப் பார்த்தார். முகம் அசையவில்லை. அவர் கற்றுக்கொடுத்த முகம்தான். அன்று மத்தியானமே என்னைப் போகச் சொல்லிவிட்டார். வெளிநாட்டு இடம் வேறொருவருக்குப் போனது. அப்பா அதற்குப் பிறகு பல மாதம் சர்ச்சில் கடைசி பெஞ்சில்தான் உட்கார்ந்தார். என்னிடம் காரணம் கேட்டார். பேச்சை மாற்றினேன்.

ஒரு பொய்யால் ஒருத்தி தப்பித்தாள், அதற்கு என் வேலை போனது, போகட்டும் என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு எனக்குக் கல்யாணமாகி, மூத்தவள் வயிற்றில் இருந்தபோது, பஸ்ஸில் நான் குமட்டலில் வாயைப் பொத்திக்கொண்டதைப் பார்த்து, யாரோ தெரியாத பெண் "எத்தன மாசம்?" என்று கேட்டாள். எனக்கு அப்போது இரண்டு மாதம். "இல்லைங்க, அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று சட்டென்று சொன்னேன். மூன்று மாதம் முடியாமல் வெளியாளிடம் சொல்லக் கூடாது என்று எங்கள் பக்கத்தில் எல்லாப் பெண்களுக்கும் தெரியும்.

சொன்ன பிறகுதான் அவள் தலை குனிந்ததும், கொஞ்ச நேரம் கழித்து "இல்ல" என்றதும் ஞாபகம் வந்தது. பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒருவேளை அவள் வயிற்றில் நிஜமாகவே பிள்ளை இருந்திருக்கலாம். அப்படியென்றால் கருவைப் பற்றி அவள் புருஷன் வீட்டில் பொய் சொல்லவில்லை. அந்த உதையில் ஒரு பிள்ளை செத்திருக்கிறது, நான் மாடிப்படியில் உட்கார்ந்து அதற்குச் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

சாரிடம் நான் சொன்னதும் பொய்யில்லை. அந்தக் கேள்வியை நான் கேட்கவே இல்லை. படிவத்தில் இருந்ததைப் படித்தேன், அவ்வளவுதான்.