எங்கள் தெரு அடிபம்பின் கைப்பிடி

அந்தக் கைப்பிடியைப் பிடித்துவிட்டு உள்ளங்கையை முகர்ந்தால் துரு வாசனை அடிக்கும். சோப்பு போட்டாலும் போகாது... சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் கூடவே வரும்.

போன வாரம் நான் போட்ட படத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மாத்தூர் ஃபிளாட்டில், ஹால் சுவரில், கறுப்பு பெயிண்ட் அடித்து மாட்டி வைத்திருந்த இரும்புக் கைப்பிடி. "எங்க தெருவுக்கே தண்ணி குடுத்த கை" என்று மேலே எழுதியிருந்தேன். ஹார்ட்டாகக் குவிந்தது. அழுகையே வந்துவிட்டது என்றுகூட ஒருத்தர் எழுதியிருந்தார்.

அதனால்தான் மீதியையும் எழுத வேண்டியிருக்கிறது.

திருவொற்றியூரில் கடலுக்குப் பக்கத்துத் தெரு எங்களுடையது. பத்துப் பதினைந்து வீட்டுக்கு ஒரே அடிபம்பு, அதுவும் எங்கள் வாசலில். ஒருமுறை அதன் கைப்பிடி உடைந்து, நாள்கணக்கில் யாரும் வந்து பார்க்கவில்லை. அப்பா எண்ணூர் பக்கம் ஒரு ஃபேக்டரியில் ஃபிட்டர். அங்கே ஒர்க்‌ஷாப்பில் வெல்டிங் வைத்துப் புதிதாக ஒன்று செய்துகொண்டு வந்து மாட்டினார். போல்ட்டை உருவினால் கைப்பிடி தனியாகக் கையோடு வந்துவிடும். பசங்கள் தொங்கி ஆடி உடைத்துவிடுவார்கள் என்று, தண்ணீர் அடித்து முடிந்ததும் கழற்றி எங்கள் வீட்டுக்குள் வைத்துவிடுவோம். தண்ணீர் வேண்டுமென்றால் எங்களைக் கேட்டு வாங்கிப் போக வேண்டும்.

அப்பா கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்கத்தான் செய்தார். அம்மாவும்தான். ஸ்கூல் இல்லாத நேரத்தில் அந்த டியூட்டி எனக்கு. வயதில் பெரியவர்கள்கூட வாசலில் நின்று, "கலா, கைப்புடி குடுமா" என்பார்கள். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. சில பேரை வேண்டுமென்றே நிற்க வைப்பேன். உள்ளே போய்த் தேடுவது போல் நடித்துவிட்டு மெதுவாக வருவேன்... பதிமூன்று வயசுக்கு அவ்வளவு திமிர்.

தேசம்மா மூன்று வீடு தள்ளி இருந்தாள். என் கிளாஸ். அவள் அப்பா விசைப்படகில் கடலுக்குப் போனால் திரும்ப ஒரு வாரம் ஆகும். அம்மா விடிவதற்குள் காசிமேட்டுக்குப் போய் மீன் எடுத்து, விற்று முடித்துத்தான் வீடு வருவார். ஸ்கூல் த்ரோபால் டீமுக்கு தேசம்மாதான் லீடர். அந்த வாரம் டீமிலிருந்து என்னை எடுத்துவிட்டு வேறொருத்தியைச் சேர்த்திருந்தாள். எனக்குப் பந்தே பிடிக்க வராது என்பது வேறு விஷயம்.

சனிக்கிழமை மத்தியானம். வீட்டில் நான் மட்டும். அப்போதுதான் தண்ணீர் அடித்துவிட்டுக் கைப்பிடியோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். தேசம்மா குடத்தோடு வருவதைப் பார்த்ததும் அதைக் காலடியில் இழுத்துப் பாவாடையால் மூடிக்கொண்டேன். அவள் முகம் ஒரு மாதிரி இருந்தது. பாவாடையைப் பின்னால் ஒரு கையால் சேர்த்துப் பிடித்திருந்தாள். அதையெல்லாம் பார்த்தேன், ஏன் என்று யோசிக்கவில்லை.

கைப்பிடி கேட்டாள்.

"அப்பா எடுத்துகினு பூட்டாரு" என்றேன்.

அவள் காலிக் குடத்தோடு திரும்பிப் போய்விட்டாள். எனக்கு ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது.

சாயங்காலம் அவள் அம்மா வந்து கைப்பிடி கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. தேசம்மா பெரிய மனுஷி ஆகிவிட்டாளாம். எங்கம்மா ஓடிப்போய் அவரே நாலு குடம் அடித்துக் கொடுத்தார். மத்தியானம் நான் செய்ததை யாரிடமும் சொல்லவில்லை. விசேஷத்தன்று அவர்கள் வீட்டில் உட்கார்ந்து பாயசம் குடித்துவிட்டு வந்தேன்.

அப்பா இறந்த பிறகு அந்த வீட்டைக் காலி செய்தோம். நான் கேட்டு வாங்கி வந்தது இந்தக் கைப்பிடி ஒன்றைத்தான். துருவைத் தேய்த்தேன், பெயிண்ட் அடித்தேன், வருகிறவர்களுக்கெல்லாம் கதை சொன்னேன். அந்தச் சனிக்கிழமை மட்டும் கதையில் வராது.

படம் போட்ட மூன்றாம் நாள் தேசம்மா வீட்டுக்கு வந்தாள். இப்போது எர்ணாவூரில் இருக்கிறாள், அவள் அம்மா மாதிரியே மீன் வியாபாரம். பெண்ணுக்கு மஞ்சத்தண்ணி, பத்திரிகை வைக்க வந்தேன் என்றாள். உட்காருவதற்கு முன்னாலேயே சுவரைப் பார்த்துவிட்டாள்.

"இத்த இன்னும் வெச்சிகினு கீறியா?"

பக்கத்தில் போய்த் தொட்டாள். போல்ட் போடும் ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தாள். என் பக்கம் திரும்பாமலே, மீன் விலை சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னாள்.

"அன்னிக்கு வூட்ல ஒரு சொட்டுத் தண்ணி கெடையாது. கல்லு கொட்டிகீற எடத்தாண்ட போய் கடல் தண்ணிலதான் கழுவிகினேன். இன்னா ஏதுன்னே தெர்ல, ஒரே பயம். உன் பாவாடைக்குக் கீய இதோட நுனி தெரிஞ்சிது கலா."

முப்பது வருஷம்... தெரிந்துகொண்டேதான் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். எனக்குக் குழந்தை பிறந்தபோது பால் ஊறட்டும் என்று பால்சுறா கொண்டுவந்து, தானே புட்டு செய்து கொடுத்துவிட்டுப் போனவள் அவள்.

மன்னிச்சிடு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "காபி போடட்டுமா" என்றுதான் வந்தது. வெட்கக்கேடு.

அவள் காபி குடித்தாள். பத்திரிகையைத் தட்டில் வைத்து நீட்டினாள்.

"எனக்குக் கூடப் பொறந்தவன் இல்ல. அத்த மொறைக்கு மொத சொம்பு தண்ணி நீதான் ஊத்தணும். வந்துரு."

குத்திக் காட்டுகிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, கூப்பிடத்தான் கூப்பிட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இப்போது எங்கள் ஃபிளாட்டில் குழாயைத் திறந்தால் தண்ணீர். யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. அன்றைக்கு ஒரு தெருவே என்னைக் கேட்டது, கொடுக்கவும் என் கையில் இருந்தது...

கைப்பிடியைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டேன். படத்துக்கு மேலே எழுதியதில் "ஒருத்தியைத் தவிர" என்று சேர்த்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை விசேஷம். தேசம்மாவுக்குத் தராத தண்ணீரை அவள் பெண்ணின் தலையில் ஊற்ற வேண்டும். எந்த முகத்தோடு போய் நிற்பேன் என்று தெரியவில்லை. ஆனால் போவேன்.