உதடு அசையாமல் எழுதிய தேர்வு

சிங்கப்பூர் குவீன்ஸ்டவுனில் எங்கள் வீட்டுப் படுக்கையறையில், ஒரு சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு நான் தேர்வு எழுத உட்கார்ந்தபோது எனக்கு வயது நாற்பத்தைந்து. கிளவுட் கணினிப் பாதுகாப்புக்கான சான்றிதழ்த் தேர்வு. தேறினால் திங்கட்கிழமை புது வேலைக்குக் கையெழுத்துப் போடலாம். தேறாவிட்டால் வேலை இல்லை. அந்த நிறுவனம் மாதக் கடைசிவரை கெடு கொடுத்திருந்தது. மாதம் முடிய மூன்று நாள்தான் பாக்கி. ஒருமுறை தோற்றால் மறுபடி எழுத இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும் என்பது விதி. ஆக, எனக்கு இருந்தது ஒரே வாய்ப்பு.

சான்றிதழ்கள்மேல் எனக்கு மரியாதை இருந்ததே கிடையாது. தஞ்சோங் பகாரில் ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவள் நான். ஆள் எடுக்கும்போது கேள்வி கேட்கிற பக்கத்தில் நானும் உட்காருவேன். ஐந்து சான்றிதழ்களோடு வந்த ஒருவரிடம், சர்வர் விழுந்தால் முதலில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். மேலாளருக்கு மெயில் அனுப்புவேன் என்றார். அந்தக் கதையை எத்தனையோ மதியச் சாப்பாட்டு மேஜைகளில் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

பிறகு எங்கள் பிரிவையே மூடிவிட்டார்கள். ஐந்து மாதம் நான் அனுப்பிய விண்ணப்பங்கள் எல்லாம் கிணற்றில் போட்ட கல். ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்சிப் பெண் ஒருத்திதான் கடைசியில் உண்மையைச் சொன்னாள். விண்ணப்பங்களை முதலில் சலிப்பது ஒரு மென்பொருளாம். சான்றிதழ் என்ற கட்டம் காலியாக இருந்தால் மனிதக் கண்ணுக்கே அது போகாதாம். நான் சிரித்த அந்த ஐந்து சான்றிதழ்க்காரர் இப்போது எங்கேயோ நல்ல வேலையில்தான் இருப்பார்.

என் கணவர் இதைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை. அவர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். கப்பல் பட்டறையில் பாதுகாப்பு அதிகாரி. உயரத்தில் வேலை பார்க்க ஒன்று, தொட்டிக்குள் இறங்க ஒன்று, முதலுதவிக்கு ஒன்று என்று அவரிடம் ஒரு பிளாஸ்டிக் கோப்பு நிறையச் சான்றிதழ்கள் உண்டு. எது எப்போது காலாவதியாகும் என்பதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். எங்கள் கல்யாண நாள்தான் அவருக்கு மறக்கும்.

சிராங்கூன் ரோட்டுக் கடை ஒன்றில் தோசைக்கு முன்னால் உட்கார்ந்து நாங்கள் இதற்காகச் சண்டை போட்டோம். என் வேலை எனக்குத் தெரியும், அதை எவனோ வந்து பரீட்சை வைத்துப் பார்க்க வேண்டுமா என்று நான் பொரிந்தேன். அவர் நிதானமாகச் சட்னியைத் தொட்டுக்கொண்டார்.

"உனக்குத் தெரியும், ஓகே. கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? பேப்பர் இல்லாட்டி எங்க யார்டு கேட்டைக்கூடத் தாண்ட முடியாது லா. பேப்பரை எடு."

அந்த ஐந்து மாதமும் அவர் சொன்னது அது ஒன்றுதான். பேப்பரை எடு. நீ கெட்டிக்காரி, உனக்கு வேலை கிடைக்கும் என்று ஒரு வார்த்தை வந்ததில்லை. என்மேல் அவருக்கே நம்பிக்கை போய்விட்டதோ என்று எனக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

கடைசியில் அந்த ஏஜென்சிப் பெண்ணே, சான்றிதழைக் காட்டினால் வேலை தருவதாகச் சொன்ன ஒரு நிறுவனத்தைப் பிடித்துக் கொடுத்தாள்; நானும் இறங்கிவந்து தேர்வுக்குப் பதிந்தேன். தேர்வு மையத்தில் இடம் கிடைக்கவில்லை. வீட்டிலிருந்தே எழுதலாம் என்றார்கள். எந்த நாட்டிலோ உட்கார்ந்திருக்கும் ஒரு கண்காணிப்பாளர் கேமரா வழியாகப் பார்த்துக்கொண்டே இருப்பார். முகம் தெரியாது. திரையின் ஓரத்துப் பெட்டியில் அவருடைய ஆங்கில வாசகங்கள் மட்டும் வந்து விழும். அறையை நாலு பக்கமும் காட்டச் சொன்னார். காதுக்குள் ஏதாவது ஒளித்திருக்கிறேனா என்று முடியை ஒதுக்கிக் காட்டச் சொன்னார். சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரில் எழுத்து இருக்கிறது, எடுத்துவிடுங்கள் என்றார். அதில் இருப்பது ராகுகாலமும் சந்திராஷ்டமமும்தான் என்று அவருக்கு எப்படி விளக்குவது? கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். மேஜையில் அனுமதித்தது லேபிள் கிழித்த ஒரு பாட்டில் தண்ணீர் மட்டும். கணவரும் மகளும் தேக்கா சந்தைப் பக்கம் போய்விட்டிருந்தார்கள். நான் கூப்பிடாமல் வரக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தேன்.

முதல் எட்டுக் கேள்விகள் ஓடின. ஒன்பதாவதில் ஓரத்துப் பெட்டி சிவந்தது. உதட்டை அசைக்காதீர்கள், கேள்வியை வாய்விட்டுப் படிக்கக் கூடாது, இது முதல் எச்சரிக்கை.

நான் முணுமுணுக்கிறேன் என்பதே எனக்கு உறைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் ஐம்பது பேரும் ஒரே நேரத்தில் சத்தம் போட்டுப் படித்து வளர்ந்த கூட்டம் நாங்கள். ஆறு வரி ஆங்கிலக் கேள்வி வந்தால் என் வாய் அதைப் பிய்த்துத் தமிழில் போட்டுக்கொள்ளும். ரெண்டு இடத்துல டேட்டா வைக்கணும், ஒண்ணு விழுந்தா இன்னொண்ணு தாங்கணும், அப்ப சாவி எங்க இருக்கணும்? இப்படித்தான் எனக்குப் புரியும். வங்கியில் என் பக்கத்து மேஜைச் சீனப் பையன்கூட, நான் முணுமுணுக்க ஆரம்பித்தால் பிரச்சினை தீரப்போகிறது என்று கிண்டல் செய்வான்.

உதட்டை இறுக்கிக்கொண்டேன். கேள்வி எதிரே நின்றது, ஒன்றும் உள்ளே போகவில்லை. மூன்று முறை படித்தேன். நேரம் ஓடியது. பதினேழாவது கேள்வியில் மறுபடி சிவப்பு. இரண்டாவது எச்சரிக்கை, மூன்றாவது வந்தால் தேர்வு ரத்து.  ஐந்து மாத அலைச்சலையும் என் உதடே கெடுக்கப்போகிறது. கையால் வாயைப் பொத்தவும் கூடாது. முகம் முழுதும் தெரிய வேண்டும்.

தொண்டை வறண்டு போய் ஒரு வாய் தண்ணீர் குடித்தேன். அதை விழுங்குவதற்குள் அடுத்த கேள்வியைப் படித்துவிட்டேன். அப்போதுதான் கவனித்தேன், உதடு அசையவில்லை. வாயில் தண்ணீர் இருந்தால் எப்படி அசையும்? திறந்தால் மேஜையெல்லாம் கொட்டும். ஆனால் உள்ளே நாக்கு தன்பாட்டுக்குத் தமிழில் புரண்டுகொண்டிருந்தது. கேள்வி புரிந்தது.

அதன்பின் வாய் நிறையத் தண்ணீரோடுதான் எழுதினேன். விழுங்கியதும் உடனே அடுத்த வாய். பாட்டில் இறங்கியது, வயிறு ஏறியது. நடுவில் எழுந்து போனால் தேர்வு முடிந்துவிடும் என்பதும் விதிதான். நாற்பதாவது கேள்விக்குமேல் ஒரு காலை இன்னொரு காலோடு பின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த நேரம் பார்த்து வாசல் மணி அடித்தது. யாரோ டெலிவரி டெலிவரி என்று ஓங்கிக் கத்தினார். அறையில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று பெட்டி கேட்டது. வாய் நிறையத் தண்ணீர். இல்லை, சத்தம் வெளியே வாசலில் என்று தட்டச்சு செய்தேன். பதில் வரவில்லை. மணி மறுபடி அடித்தது. அந்த டெலிவரிக்காரரை நான் மனதுக்குள் திட்டிய திட்டுக்கு அவர் இன்றுவரை விக்கிக்கொண்டிருப்பார். கடைசியில், தொடருங்கள் என்று ஒரு சொல் வந்தது.

மூன்று நிமிஷம் மிச்சமிருக்கையில் முடித்தேன். உடனே முடிவைச் சொல்லமாட்டார்களாம். தேர்வு அனுபவம் எப்படி இருந்தது என்று பத்துக் கேள்விகள் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் மிக நன்று என்று குத்தித் தள்ளினேன். திரை வெள்ளையானது. பிறகு ஒரு பக்கம் விரிந்தது, அதன் தலையில் பச்சையில் ஒரு வரி. தேறியிருந்தேன். கண்காணிப்பாளர் பெட்டி மூடிக்கொண்டது. எனக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. கடைசி வாய்த் தண்ணீரை விழுங்கக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன்.

அறைக் கதவு மெதுவாகத் திறந்தது. கணவர். நேரம் தாண்டியும் நான் கூப்பிடாததால், மகளைக் கீழே கடையில் விட்டுவிட்டு வந்திருந்தார். நான் நாற்காலியில் அவர் பக்கம் திரும்பினேன். உப்பிய கன்னம், வழியும் கண்ணீர், பேச்சில்லை. அவர் திரையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். கையிலிருந்த பையைக் கீழே வைத்தார்.

"போனா போவுது. அழாத." கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். "உன் அளவுக்கு வேலை தெரிஞ்சவங்க எனக்குத் தெரிஞ்சு யாரும் இல்ல. ஒரு பேப்பர் வந்துதான் அதைச் சொல்லணுமா? அவனுங்களுக்குத்தான் நஷ்டம்."

பேப்பர் பேப்பர் என்று என் உயிரை வாங்கிய மனிதர் சொல்கிறார். ஐந்து மாதமாக நான் ஏங்கிய வார்த்தை. தண்ணீரை விழுங்கிவிட்டு உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் விழுங்கவில்லை. இன்னும் கொஞ்சம் சொல்லட்டும் என்று அப்படியே வைத்திருந்தேன். உனக்குத் தைரியம் சொல்ல எனக்குத் தெரியல, அதான் பேப்பரைப் பத்தியே பேசிக்கிட்டிருந்தேன் என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு. அதற்குமேல் என்னாலும் தாங்க முடியவில்லை; வயிறும் தாங்கவில்லை. விழுங்கிவிட்டுத் திரையைக் காட்டினேன்.

கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து, மேலிருந்து கீழ்வரை ஒரு வரி விடாமல் படித்தார். முகம் மலர்ந்தது. அப்புறம் புருவம் சுருங்கியது.

"மூணு வருஷம்தான் செல்லுமாம். ரினியூவல் எப்பன்னு குறிச்சு வச்சுக்க."

"நீங்க இப்ப சொன்னது எத்தனை வருஷம் செல்லும்?" என்று கேட்டேன்.

அவர் குனிந்து கட்டிலுக்கு அடியிலிருந்த காலண்டரை எடுத்துத் தூசு தட்டி, பழைய ஆணியில் மாட்டினார். அது நேராக இருக்கிறதா என்று ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். நான் கழிப்பறைக்கு ஓடினேன்.