ஆறு லிட்டர் எஞ்சினும் அத்தையும்

ரோட்டில் நின்றுபோன வண்டிகளைக் கட்டி இழுத்து வருவதுதான் என் அத்தையின் தொழில். ஊரில் அவருக்குப் பெயர் 'கொக்கியக்கா'. அவர் இழுத்து வருவார். பட்டறையில் அவர் தம்பி, அதாவது என் அப்பா, பழுது பார்ப்பார். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரியான என்னை அன்று கல்லூரி விடுதியில் கொண்டுபோய் விட்டதும் அந்த இழுவை வண்டிதான்.

"எந்த வண்டி ரிப்பேரு?" என்றார் வாட்ச்மேன்.

"வண்டியில்ல, என் மருமகன். நல்லா ஓடுற நிலைமையிலதான் இருக்கான். இறக்கிட்டுப் போறேன்."

அந்த இழுவை வண்டிக்கு ஆறு லிட்டர் எஞ்சின். எவ்வளவு பாரம் கட்டினாலும் மேட்டில் அலட்டிக்கொள்ளாது. பெரிய கியரில் போட்டுவிட்டால் முனகிக்கொண்டே ஏறிவிடும். மழைக்காலத்தில் அதன் சூடான பானட் மேல்தான் என் பள்ளிச் சீருடையைக் காயப்போடுவார் அத்தை. வகுப்பில் எனக்குப் பக்கத்தில் உட்காருபவன் டீசல் வாடைக்கு மூக்கைப் பொத்திக்கொள்வான்.

கடைசி வருட விடுமுறையில் நான் வந்திருந்தபோது, டர்போ வைத்த இரண்டு லிட்டர் இழுவை வண்டி ஒன்றை அப்பா கொண்டுவந்து நிறுத்தினார். டீசல் பாதிதான் குடிக்குமாம். பட்டறையில் ஒன்றுக்குத்தான் இடம்.

"இது இழுத்துட்டா பழசை வித்துடலாம்க்கா. இழுக்கலைன்னா இதைத் திருப்பிக் கொடுத்துடறேன்."

"தையல் மெஷின் மாதிரி இருக்கு. இதுவாடா இழுக்கப் போகுது?"

சுமையேற்றிய வேன் ஒன்றைப் பின்னால் கட்டி, பட்டறையை ஒட்டிய மேட்டில் ஏற்றினார் அத்தை. பக்கத்தில் நான். பழைய பழக்கத்தில் சீக்கிரமே கியரை மாற்றிவிட்டார். சின்ன எஞ்சின் வேகமாகச் சுற்றினால்தான் டர்போ காற்றை ஊதும். சுற்று விழுந்ததும் மூச்சே இல்லை. பாதி மேட்டில் குலுங்கி அணைந்தது.

ஓடிவந்த அப்பா மூச்சு வாங்கினார். "சரிக்கா, நீ ஜெயிச்சுட்ட. திருப்பிக் கொடுத்துடறேன்."

அத்தை ஆசைப்பட்டதும் அதற்குத்தான். பேசாமல் இறங்கியிருக்கலாம்.

"என் கையில ஒரு வண்டி மேட்டுல நின்னுபோச்சுன்னு பேராகணுமா? தள்ளி நில்லுடா."

முதல் கியரில் எஞ்சினை அலறவிட்டு, ஹேண்ட்பிரேக்கை மெல்ல விட்டார். விசில் போல ஓர் ஊதல் எழுந்தது. இரண்டாவது கியருக்கு மேல் போகவே இல்லை. வேன் உச்சிக்கு வந்து சேர்ந்தது.

"கத்தினாத்தான் வேலை செய்யுது, உங்கப்பன மாதிரியே" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அடுத்த வாரம் பழைய வண்டியை வாங்கியவர் வந்து ஓட்டிப் போனார். தெருமுனை திரும்பிய பிறகும் அத்தை காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

"இன்னும் ரெண்டாவது கியர்லயே உருட்டுறான் பாரு" என்றார். "மாத்துடா, அது தாங்கும்."