மேலூர் கூட்டத்தில் என்னைக் கைகாட்டியவர்

மழையில் அழிந்த பயிரைச் செயற்கைக்கோள் படத்தில் கண்டுபிடிக்கும் கணினி அமைப்பை அரசுக்காக மதுரையில் உருவாக்கினோம். நான் மூத்த பொறியாளர். குழுத் தலைவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன்.

"அண்ணே, தண்ணியில அழுகுன நெல்லையும் இது நல்ல பயிர்னு சொல்லுது. இப்ப குடுக்க வேணாம்ணே."

"சரிம்மா, நிப்பாட்டிருவோம்" என்றார். நம்பினேன். ஆனால் என்னிடம் சொல்லாமலே அதை அரசிடம் ஒப்படைத்துவிட்டார்.

மேலூர்ப் பக்கம் பலருக்கு நிவாரணம் இல்லை என்றாகிவிட்டது. விவசாயிகள் கூட்டத்தில் அதிகாரி காரணம் கேட்டார். அண்ணன் என்னைக் கைகாட்டினார். "இவங்க செஞ்சதுதான் சார். குறை இருக்குன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

அவரையே பார்த்தபடி நின்றேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை.

முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்தார். "எம்புட்டு நேரம் பேசாம நிப்ப தாயி? என்ன நடந்துச்சுன்னு சொல்லு."

எல்லாவற்றையும் சொன்னேன். வயல்களை நேரில் பார்க்க அதிகாரி உத்தரவிட்டார். பிறகு விவசாயிகளுக்கு நிவாரணம் கிடைத்தது. நான் அந்த வேலையை விட்டுவிட்டேன்.

வேலையை விட்டதில் வருத்தமில்லை. இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட மனிதரை எனக்குத் தெரியவே தெரியாது என்பதுதான் இன்னும் ஆறவில்லை.