பிரேக் லிவர் நடுவர்

ஞாயிற்றுக்கிழமைப் பாத்திரங்களைக் கழுவுவது நடுவரின் வேலை. வாரத்தின் மற்ற ஆறு நாளும் அது மனைவியின் வேலையாக இருந்தது. ஐந்து வாரமாக ஏழு நாளும் அவருடையதே. மனைவியின் வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு போட்டிருந்தது. கட்டைப் பிரித்து மூன்று நாளாகிவிட்டது, இருந்தாலும் அவளைக் குழாய்ப் பக்கம் அவர் விடவில்லை. "இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைப்பான்" என்று பக்கத்து வீட்டுக்காரி இரண்டு முறை சொல்லிவிட்டாள். அந்தப் பாராட்டைக் கேட்ட இரண்டு முறையும் நடுவர் வாணலியை இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தார்.

நடுவர் என்றதும் விசிலும் கையுமாக மைதானத்தில் ஓடுகிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். அவர் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் விளிம்பு தேய்ப்பவர். ஜன்னல் இல்லாத அறை, ஒரு ஸ்டூல், சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும் அரைக்கும் சக்கரம். இருபத்தாறு வருடம் அங்கே உட்கார்ந்ததில் அவருடைய விரல் நுனிகளுக்குத் தலைமுடிக் கனத்தின் வித்தியாசம் தெரியும். ஆனால் அந்தப் பட்டத்தைக் கடை கொடுக்கவில்லை. 'மேடு பள்ளம்' என்ற கைப்பேசிக் குழு கொடுத்தது. மலிவு விலை மலைச் சைக்கிள் வைத்திருக்கும் மூவாயிரத்துச் சொச்சம் ஆண்கள் கூடிக் கருத்துச் சொல்லும் இடம் அது. பெண்களும் சேரலாம் என்று விதியில் இருந்தது. யாருக்கும் அந்த அளவுக்கு நேரம் இருக்கவில்லை.

இரண்டு வருடம் முன்னால், சர்க்கரை ஏறியிருக்கிறது, சைக்கிள் ஓட்டுங்கள் என்று டாக்டர் சொன்னார். நடுவர் மலைச் சைக்கிள் வாங்கினார். அந்த ஊரில் மலை என்று எதுவும் கிடையாது. அடுக்குமாடிக் கட்டடத்தின் வாசலிலிருந்து கடைவீதிக்குப் போகும் ஓர் இறக்கம் இருந்தது. டாக்டர் சொல்லைத் தட்டாமல் நான்கு நாள் ஓட்டினார். நான்காம் நாள் இடது பிரேக் லிவர் லேசாக ஆடுவதுபோல் பட்டது. குழுவில் ஒரு கேள்வி போட்டார். மதியத்துக்குள் அறுபத்தொரு பதில். அதோடு அவர் ஓட்டுவது நின்றது. கருத்து சொல்வது தொடங்கியது. சர்க்கரை எங்கேயும் போகவில்லை.

குழுவின் கருத்துகள் ஒரு தனி இலக்கியம். "மூணு மாசமா ஓட்டுறேன், பிரமாதம், மழையில மட்டும் நிக்காது" என்பார் ஒருவர். "நாலே நாள்ல உடைஞ்சுது, ஆனா கலர் அப்படியே இருக்கு" என்று ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுப்பார் இன்னொருவர். பிளாஸ்டிக் லிவர்காரர்களுக்கும் அலுமினியம் லிவர்காரர்களுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. இரண்டு விரலால் பிடிப்பவர்கள் நான்கு விரலால் பிடிப்பவர்களைக் கிழவர்கள் என்றார்கள்; அவர்கள் இவர்களைப் பொடிப்பயல்கள் என்றார்கள். எந்தச் சண்டையானாலும் கடைசியில் எல்லாரும் ஒரே வாசகத்தில் வந்து சமாதானமாவார்கள்: "விலைக்குப் பரவாயில்லை."

இந்தக் கூட்டத்தில் நடுவர் சீக்கிரமே தலையெடுத்தார். விளக்குமாற்றுக் கட்டையில் லிவரை மாட்டி, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, டிவி பார்த்துக்கொண்டே அழுத்தி அழுத்திப் பார்ப்பார். எந்த ஆணி தளர்ந்திருக்கிறது, எந்த மூட்டு ஒரு மாதத்தில் ஆடும் என்று அவர் விரல் சொல்லிவிடும். அது பொய்யில்லை. ஆனால் குழுவில் ஒரு விதி இருந்தது: ஓட்டிப் பார்த்தவர் மட்டுமே தீர்ப்புச் சொல்லலாம். அங்கேதான் மனைவி வந்தாள்.

அவள் இறக்கத்தின் அடியில் இருக்கும் துணி திருத்தும் கடையில் வெட்டுக்காரி. தொளதொளத்த சட்டை, கல்யாணத்துக்குப் பின் இறுகிப்போன கோட்டு, நீளமான கால்சட்டை, எதுவானாலும் அவள் மேசைக்கு வந்துதான் தையல் மிஷினுக்குப் போகும். துணியில் கத்தரி விழுந்தால் விழுந்ததுதான், திரும்ப ஒட்ட முடியாது. அதனால் அந்தக் கடையில் அவள் கைக்குத் தனி மரியாதை. வண்டி சும்மா நிற்கிறதே என்று அதை எடுத்துப் போக ஆரம்பித்தாள். உயரம் எட்டாத வயதிலேயே அப்பாவின் வண்டியில் ஓட்டக் கற்றவள். காலை ஏழே முக்காலுக்கு அவள் இறக்கத்தில் இறங்கினால் பேருந்துக்கு நிற்பவர்கள் கைக்கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொள்வார்கள்.

சனிக்கிழமைகளில் நடுவர் லிவரை மாற்றி மாட்டுவார். திங்கள் மாலை அவள் செருப்பைக் கழற்றும்போதே விசாரணை தொடங்கும்.

"இன்னைக்கு எப்படி இருந்துச்சு?"

"எது?"

"பிடி."

"சுண்டு விரல் வலிக்குது. மறுபடியும் எதையாவது மாட்டி வச்சிருக்கீங்களா?"

அன்றிரவே குழுவில் வரும்: "நீண்ட இறக்கங்களில் சுண்டு விரலில் அழுத்தம் உணரப்படுகிறது." இன்னொரு நாள், "கீச்சுகீச்சுன்னு கத்துது, பஸ்ஸுக்கு நிக்கிறவங்க எல்லாம் திரும்பிப் பாக்குறாங்க, மானம் போகுது" என்றாள். "ஒலி: பொது இடங்களில் சங்கடம் தரக்கூடும்" என்று எழுதினார். பத்தொன்பது லிவர்கள் இப்படித் தேறின, தேறாமல் போயின. ஓட்டியவள் அவள், ஓட்டுநர் கருத்து அவருடையது.

என்ன மாட்டியிருக்கிறது என்று அவளிடம் முன்கூட்டிச் சொல்வதில்லை. அது கஞ்சத்தனமோ மறதியோ இல்லை, கொள்கை. "தெரிந்து ஓட்டினால் ஓட்டுநர் கவனமாகிவிடுவார்; கருத்து கெட்டுப்போகும்" என்று அவரே குழுவில் எழுதியிருந்தார். கட்டைவிரல்கள் நூற்றுக்கணக்கில் உயர்ந்தன. அறிவியல் பார்வை என்று ஒருவர் மெய்சிலிர்த்தார்.

பிறகு அந்தப் பெரிய சண்டை வந்தது. முன்சக்கரத்து பிரேக் வலது கையில் இருக்க வேண்டுமா, இடது கையிலா? பதினோரு நாள் நடந்தது. ஓய்வுபெற்ற ஒரு கணித ஆசிரியர் குழுவை விட்டே போனார். கடைசியில் எல்லாரும் ஒரே குரலில், "நடுவர் என்ன சொல்றார்?" என்று கேட்டார்கள். இப்படிக் கேட்ட பிறகு ஒரு மனிதர் என்ன செய்வார்? ஒரு ஞாயிறு மாலை, மனைவி உள்ளறையில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, இரண்டு பிரேக் ஒயர்களையும் கழற்றி இடம் மாற்றி மாட்டினார். கால் மணி நேர வேலை. அதுவரை வலது கையால் இழுத்தால் பின்சக்கரம் நிற்கும். இப்போது முன்சக்கரம் நிற்கும்.

திங்கள் காலை ஜன்னலருகே நின்று அவள் போவதைப் பார்த்தார். முதல் தடவை மெதுவாகத் தொடும்போதே வித்தியாசம் தெரிந்துவிடும், மாலையில் வந்து சொல்வாள் என்பது அவர் கணக்கு. இறக்கத்தின் பாதியில், நிறுத்தியிருந்த வேன் ஒன்று திடீரென்று பின்னால் வந்தது. மெதுவாகத் தொட அவளுக்கு நேரமில்லை. ஆயுள் முழுக்கச் செய்ததுபோல் வலது கையை இறுக்கிப் பிடித்தாள். முன்சக்கரம் அப்படியே இறுகி வண்டி நின்றது, அவள் நிற்கவில்லை.

ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து அவள் சொன்னது ஒன்றுதான். "எப்பவும் போலத்தான் பிடிச்சேன். என்ன ஆச்சுன்னே தெரியல. கை மறந்துடுச்சு போல."

"பரவாயில்ல விடு" என்றார் நடுவர்.

அன்று மாலையே ஒயர்களைப் பழையபடி மாற்றினார். கையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவினார். குழுவில் ஒரே ஒரு வரி எழுதினார்: "முன் பிரேக் வலது கையில்: பரிந்துரைக்க இயலாது." சோதனை விவரம் கேட்டவர்களுக்குப் பதில் சொல்லவில்லை. அந்த மௌனத்தைக் குழு பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டது.

எலும்பு நேரத்துக்குக் கூடிவிட்டது. கூடாதது வேறு. அவள் வண்டியைத் தொடுவதில்லை. சாலையைக் கடக்கக் கூட இரண்டு முறை யோசித்தாள். நேற்று சாயங்காலம் பழைய தலையணை உறை ஒன்றை வெட்டிப் பார்க்கக் கத்தரியை எடுத்தவள், கோடு போட்டுவிட்டு, அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டுக் கத்தரியைக் கீழே வைத்துவிட்டாள். நடுவர் அதைப் பார்த்தார்; பார்க்காததுபோல் டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

இந்த ஞாயிறு, அவர் கடைசித் தட்டைக் கழுவும்போது அழைப்பு மணி அடித்தது. மனைவியின் தம்பி. கூரியரில் வேலை, நாள் முழுக்கப் படியேறுகிறவன், மூச்சு வாங்காமல் பேசுவான். அவனும் 'மேடு பள்ளம்' குழுவில் உண்டு. எதுவும் எழுத மாட்டான், கட்டைவிரல் மட்டும் தூக்குவான்.

"எங்கே அக்கா வண்டி?"

கூடத்தில் செருப்பு அலமாரியை ஒட்டிச் சாய்த்து வைத்திருந்தது. அதை அவனுக்குக் கொடுத்துவிடுவதாக அக்கா போனில் சொல்லியிருந்தாள். நடுவரிடமும் சொன்னாள். "உன் இஷ்டம்" என்று அவர் சொன்னதில் கொஞ்சம் நிம்மதி இருந்தது. வண்டி வாசலைத் தாண்டினால் விஷயமும் தாண்டிவிடும்.

தம்பி முன்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டான். "மாமா, இதுல இப்ப என்ன மாட்டியிருக்கு? நீங்க விலைக்குப் பரவாயில்லன்னு போட்டதா, வாங்காதீங்கன்னு போட்டதா?"

"பரவாயில்லன்னு போட்டதுதான்" என்றார் நடுவர் சமையலறை வாசலில் நின்று, கையைத் துடைத்துக்கொண்டே.

"பார்த்து ஓட்டுடா" என்றாள் அக்கா. "வலது கை பின் பிரேக். எனக்கு அதுவே மறந்துபோச்சு."

"உனக்கா? என்னைப் பின்னாடி உக்கார வச்சுக்கிட்டு ரெண்டு கையையும் விட்டு ஓட்டினவ நீ. நான் பயத்துல உன் சடையைப் பிடிச்சுத் தொங்கினேன்."

"அது அந்த வயசு. நாளைக்குக் கடையிலயும் சொல்லிடப் போறேன், வெட்டுறதுக்கு வேற ஆளைப் பாத்துக்கங்கன்னு. பட்டன் தைக்கிறேன், ஓரம் மடிக்கிறேன். போதும்."

"ஏன்க்கா?"

"வண்டியிலயே ஏமாத்தின கை, ஊரான் வீட்டுத் துணியில ஏமாத்தாதுன்னு என்ன நிச்சயம்?"

"சரி, கையோட கண்ணையும் சேர்த்துக் கணக்கு முடிச்சுடு. மாமா கடையில சோடாபுட்டியா ஒண்ணு போட்டுத் தருவார்."

அவள் சிரித்தாள். தம்பியின் கிண்டலுக்கு வழக்கமாக அவள் திருப்பி ஒன்று கொடுப்பாள். இன்று சிரிப்பு மட்டும்தான் வந்தது. தம்பி வண்டியை வாசல் பக்கம் திருப்பினான். கதவு திறந்தே இருந்தது. இன்னும் நான்கு அடி.

"கை மறக்கல" என்றார் நடுவர்.

இருவரும் திரும்பினார்கள்.

"நான் மாத்தினேன். ஒயரை. முன் பிரேக்கை வலது பக்கத்துக்கு."

"எப்ப?" என்றாள் மனைவி.

"முதல் நாள் சாயங்காலம். நீ துணி மடிச்சிட்டிருந்த."

தம்பி முன்சக்கரத்தை மெதுவாகத் தரையில் வைத்தான். "மாமா, அந்தப் பரிந்துரைக்க இயலாது..."

"ஆமா."

"அதுக்கு நான் கட்டைவிரல் போட்டேனே மாமா."

மனைவி நடுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ கவனமா ஓட்டுவ."

குழுவில் அத்தனை வரவேற்புப் பெற்ற வாசகம். கூடத்தில், மூன்று பேர் நடுவே, அது வேறு மாதிரி ஒலித்தது. சொன்னவருக்கே காது கூசியது.

மனைவி வலது கையை முன்னால் நீட்டினாள். ஐந்து வாரம் கட்டுக்குள் கிடந்து வெளிறிப்போன மணிக்கட்டு. இல்லாத லிவர் ஒன்றைப் பிடிப்பதுபோல் விரல்களை மடக்கினாள், விட்டாள், மறுபடி மடக்கினாள்.

"நான் பின்னாடி பிரேக்குன்னு பிடிச்சேன். அது முன்னாடி பிடிச்சுது."

"ஆமா."

"அப்ப என் கை சரியாத்தான் பிடிச்சிருக்கு."

"சரியாத்தான்" என்றார் நடுவர். "ரொம்பச் சரியா. அந்த வேகத்துல, பின் பிரேக்கா இருந்திருந்தா நீயும் வண்டியோட வேனுக்கு முன்னாடியே நின்னிருப்ப." பத்தொன்பது தீர்ப்புகள் எழுதியவர். வாழ்க்கையில் முதல் முறையாக ஓட்டுநரைப் பற்றி ஒரு கருத்து சொன்னார்.

அவள் முகத்தில் கோபம் வருவதற்கு முன்னால் வேறொன்று வந்து போனது. தொலைத்துவிட்டோம் என்று முடிவுகட்டிய சாவி கைப்பைக்குள் தட்டுப்பட்டதுபோல. பிறகு தம்பியிடம் திரும்பினாள்.

"வண்டியை வை."

"அக்கா, இதை எடுத்துட்டுப் போகத்தான் நான் பஸ்ல வந்து..."

"வைடா. நாளைக்கு நான் கடைக்கு எதுல போறதாம்? எட்டு மணிக்கு வெட்டு மேசையில நிக்கணும். அஞ்சு வாரமா அங்க எவ என்ன வெட்டி வச்சிருக்காளோ."

தம்பி வண்டியைப் பழைய இடத்திலேயே சாய்த்தான். காபி வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நின்றிருக்க மாட்டான். மாமாவைக் கடக்கும்போது "வரேன் மாமா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினான்.

"அன்னைக்கே பழையபடி மாத்திட்டேன்" என்றார் நடுவர், அதற்கும் ஏதோ மதிப்பெண் உண்டு என்பதுபோல.

அவள் வண்டியிடம் போனாள். பின்பக்கத்தைத் தூக்கிச் சக்கரத்தைச் சுற்றிவிட்டு வலது லிவரைப் பிடித்தாள். நின்றது. முன்பக்கத்தைத் தூக்கி இடது லிவரைப் பிடித்தாள். நின்றது. மறுபடியும் ஒரு முறை இரண்டையும் பார்த்தாள். கைக்கு வலித்தது போலிருக்கிறது, மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டாள். நடுவர் உதவிக்கு ஓரடி வைத்தார். அவள் பார்த்த பார்வையில் அந்த அடியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

"இனிமே தினமும் கிளம்புறதுக்கு முன்னாடி நானே பாத்துக்கறேன்."

"சரி."

"ஒண்ணு கேக்கறேன்."

"கேளு."

"அன்னைக்கு நான் விழாம ஒழுங்கா வீடு வந்து சேந்திருந்தா, மாத்தினதை எங்கிட்ட எப்பவாவது சொல்லியிருப்பீங்களா?"

நடுவர் வாயைத் திறந்தார். வண்டியைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். இறக்கத்தில் எத்தனை நாள் எதை மாட்டி அனுப்பினோம் என்று மனசு ஒவ்வொன்றாக எடுத்து வைத்தது. அதில் ஒன்றைக் கூட அவளிடம் சொன்னதாக ஞாபகம் வரவில்லை.

அவள் நேற்றுக் கீழே வைத்த கத்தரியையும் கோடு போட்ட தலையணை உறையையும் கையில் எடுத்தாள். பிறகு உள்ளறைக்குப் போனாள்.