நடீனின் நாற்காலி

டெலவர் மாநிலத்து ஜார்ஜ்டவுனில் தேர்தலுக்கு அடுத்த நாள், புதன்கிழமை மாலை, தீயணைப்பு நிலையக் கூடத்தில் நாட்டு வரலாறும் அரசாங்கமும் பற்றிய வினாடி வினா நடக்கும். தேர்தலில் வென்றவரும் தோற்றவரும் ஊர் வழக்கப்படி ஒரே வண்டியில் ஊர்வலம் போவது மறுநாள் வியாழக்கிழமைதான். வினாடி வினாவில் ஜெயிக்கிறவருக்குப் பரிசு என்று எதுவும் கிடையாது. அடுத்த முறை மேடை நாற்காலியில் உட்கார்ந்து கேள்வி வாசிக்கும், விதி சொல்லும் உரிமை மட்டும் உண்டு. நடீன் ட்ரூயிட்டுக்கு வேண்டியிருந்தது அதுதான்.

எங்கள் சசெக்ஸ் கவுண்டியில் கோழித்தீவன லாரி ஓட்டிய முதல் பெண் அவள். பண்ணைக்குப் பண்ணை போகும்போது ஜனாதிபதிகளின் பெயர்களை முன்னிருந்து பின்னும், பின்னிருந்து முன்னும் உரக்கச் சொல்லிக்கொண்டே போவாள். வழியில் நிறுத்தி யார் கேட்டாலும் பதில் வரும். அடக்கம் என்பது அவளிடம் இருந்ததில்லை. "எனக்குத் தெரியும்னா தெரியும்னு சொல்றேன். இதுல என்ன வெட்கம்?" என்பாள்.

அவளுக்கு இருந்த ஒரே குறை எங்கள் எல்லோருக்கும் இருப்பது. டெலவர்தான் நாட்டின் அரசியலமைப்பை முதலில் ஏற்ற மாநிலம். அதைக் கார் எண்பலகையில்கூட எழுதி வைத்திருக்கிறோம். அதனால் "முதல் மாநிலம்" என்று காதில் விழுந்ததும், கேள்வி முடியும் முன்பே, கை தானாக மேசை மணிக்குப் போய்விடும். 2018இல் கடைசிக் கேள்வி, "முதல் மாநிலமாக..." என்று தொடங்கியது. நடீன் மணியை அடித்து "டெலவர்!" என்று கத்திவிட்டாள். முழுக் கேள்வி, பெண்களுக்கு ஓட்டுரிமையோடு நாட்டில் சேர்ந்த முதல் மாநிலம் எது என்பது; பதில் வயோமிங். கூடமே சிரித்தது.

2022 நவம்பர் 9 அன்று நான் மதிப்பெண் பலகை அருகே இருந்தேன். கடைசிக் கேள்விக்கு முன் நடீன் பதினெட்டு, அவள் கணவனின் தம்பி வெர்ல் பதினெட்டு. வெர்ல் இரும்புக்கடை வைத்திருப்பவன், வாயும் கொஞ்சம் நீளம்.

"அண்ணி, இந்தத் தடவையும் வயோமிங்கை மறந்துடாதீங்க!"

"உன் கடையில ஆணி கேட்டா போல்ட் எடுத்துக் குடுப்பியே, அதை முதல்ல மறக்காம இரு."

பிறகு அவள் செய்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. தட்டில் இருந்த வறுத்த சிப்பி சான்ட்விச்சை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். சாறு முழங்கை வரை வழிந்தது.

போன முறை ஜெயித்து மேடை நாற்காலியில் இருந்த ஆல்ஸ்டன் பியூசி மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசிக்கத் தொடங்கினார். "முதல் மாநிலம்..."

நடீனின் தோள் துள்ளியது. சான்ட்விச் நசுங்கி ஒரு சிப்பி தரையில் விழுந்தது. கை மட்டும் போகவில்லை.

வெர்லின் மணி அடித்தது. "டெலவர்!"

"தம்பி, கேள்வி இன்னும் முடியல," என்றார் ஆல்ஸ்டன். "பதில் தப்பு. நடீனுக்கு முழுசா வாசிக்கிறேன். முதல் மாநிலம் டெலவர் அரசியலமைப்பை ஏற்று ஏறக்குறைய ரெண்டரை வருஷம் கழிச்சு, ஆரம்பத்துல இருந்த பதிமூணு மாநிலத்துல கடைசியா ஏற்ற மாநிலம் எது?"

நடீன் முழங்கையால் மணியை அழுத்தினாள். "ரோட் ஐலண்ட். அரசியலமைப்பை எழுதின மாநாட்டுக்கு ஒரு ஆளைக்கூட அனுப்பாத மாநிலமும் அதுதான். அதுக்கும் சேர்த்து மார்க் போடுவீங்களா?"

"ஒரு மார்க்குதான்."

"போதும்."

வெர்ல் மேடையை நோக்கி வந்தான். "அண்ணி, இப்ப நீங்கதானே தலைவி? கேள்வி முடியுற வரைக்கும் மணியைத் தொடக்கூடாதுன்னு ஒரு விதி போட்டுடுங்க. எல்லாருக்கும் நல்லது."

"போட மாட்டேன். நாலு வருஷம் நான் வாங்கின சிரிப்பு என்ன, சும்மாவா? அடுத்த தடவை நீயும் கையைக் கட்டி வெச்சுக்கோ."

கூடம் கைதட்டியது. வெர்லும் தட்டினான், கொஞ்சம் தாமதமாக.

கைகளைத் துடைத்துக்கொண்டு நடீன் மேடையேறி நாற்காலியில் உட்கார்ந்தாள். அவளுக்கு முன் அங்கே உட்கார்ந்த எல்லோரும் ஆறடி ஆண்கள். ஒலிவாங்கி அவள் நெற்றிக்கு நேராக நின்றது. வெர்ல் ஒலிவாங்கிக் கம்பத்தின் திருகாணியைத் தளர்த்தினான். அது துருப்பிடித்துப் போயிருந்தது.

"இறக்கு," என்றாள் நடீன். "இன்னும் கொஞ்சம். ம், இன்னும்."