பெரியம்மா கேட்ட பருப்பு

கரமனையில் எங்கள் வீட்டுக்குள் மலையாளத்துக்கு அனுமதி கிடையாது. அந்தச் சட்டத்தை இயற்றியவர் பெரியப்பா. சாலைக் கடைத்தெருவில் பலசரக்குக் கடை வைத்திருந்த அவர், பகல் முழுவதும் மலையாளத்தில் வியாபாரம் செய்துவிட்டு, வீட்டுப் படியேறியதும் தமிழுக்கு மாறிவிடுவார். மாறிய பிறகு அதை அதிகம் பயன்படுத்தினார் என்று சொல்ல முடியாது. பெரியம்மாவிடம் ‘சோறு’, ‘தண்ணி’, ‘வெளக்க அணை’ என்ற அளவில் அவருடைய தமிழ் நின்றுவிடும். எங்கள் வீட்டுப் பெண்கள் கடைக்குப் போகும் வழக்கமில்லை. சாமான் மூட்டையாக வீடு வந்து சேரும். ஆகையால், திருநெல்வேலியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த பெரியம்மா, அவர் கடையில் பேசி ஒருநாளும் கேட்டதில்லை.

நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது பெரியப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவரிடம் மலையாளம் மட்டுமே மிஞ்சியிருந்தது. தமிழில் கேட்டால் முகத்தைப் பார்த்துச் சிரிப்பார், பதில் வராது. கஞ்சியுடன் வந்த பெரியம்மாவை, “சேச்சி இரிக்கூ, எந்தா வேண்டது?” என்று மிகுந்த மரியாதையோடு வரவேற்றார்.

“என்னட்டி சொல்லுதாவ?” என்று அவள் என்னைக் கேட்டாள்.

“அக்கா உக்காருங்க, என்ன வேணும்னு கேக்காவ. ஒங்கள கடைக்கு வந்த ஆளுன்னு நெனச்சிட்டாவ” என்று சொல்லிவிட்டு நான் சிரித்தேன். பக்கத்தில் நின்ற என் அக்காவும் சிரித்தாள். பெரியம்மா கிண்ணத்தை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இரண்டு மொழிகளும் தலைக்குள் இருக்கின்றன, ஒன்றுக்குப் போகும் வழிதான் அடைபட்டிருக்கிறது என்றாராம் டாக்டர். இப்போது கடையைப் பார்த்துக்கொண்ட அப்பா, இதிலிருந்து தம்முடைய சிகிச்சையை வகுத்துக்கொண்டார். “அண்ணன்கிட்ட யாரும் மலையாளம் பேசப்படாது. பேசுனா தமிழ் எதுக்குத் திரும்பி வரும்?”

வீடு கீழ்ப்படிந்தது. பெரியப்பா மெல்லமெல்லப் பேச்சை விட்டு, சுவரைப் பார்த்துப் படுக்கலானார்.

ஒரு மத்தியானம் வாழைக்காய் நறுக்கியபடியே பெரியம்மா என்னிடம் மலையாளம் சொல்லித்தரக் கேட்டாள். பாடப்புத்தகத்தின் அழகான வாக்கியங்களை எடுத்துக் கொடுத்தேன்.

“அதெல்லாம் நீ வச்சுக்கோ. கடைக்கு வாரவ எப்படிக் கேப்பா, அதச் சொல்லு.”

மறுநாள் சாயங்காலம், அப்பா கடையிலிருந்து திரும்புவதற்கு முன்பு, அவள் வெளியே உடுத்தும் சேலையைக் கட்டிக்கொண்டு கட்டிலருகே போய் நின்றாள். “அர கிலோ பரிப்பு.”

பெரியப்பா சுவரிலிருந்து திரும்பினார். “துவரயோ, செறுபயறோ?”

“தொவர.”

அவளுடைய மலையாளத்தில் திருநெல்வேலி அப்படியே இருந்தது. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. அசையும் கையால் காற்றில் நிறுத்துப் போட்டார். புதுச் சரக்கு, சீக்கிரம் வேகும் என்றார். பிள்ளைகள் சுகமா, வெயிலில் நடந்தா வந்தீர்கள் என்று விசாரித்தார். பெரியம்மாவிடம் அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. அன்றுமுதல், அப்பாவுக்குத் தெரியாமல், அந்த அறையில் சாயங்காலந்தோறும் கடை திறந்தது.

சில நாட்களில் எனக்கும் ஆசை வந்தது. பெரியம்மாவின் அருகே போய் நின்று, பிழையில்லாத மலையாளத்தில் சர்க்கரை கேட்டேன். பெரியப்பா உற்சாகமாக என் பக்கம் திரும்பினார். பெரியம்மாவின் முகம் மாறிவிட்டது.

“நீ பெறவு வாட்டி. இப்ப நான் நிக்கேம்லா?”

நான் அவளைவிட நன்றாகப் பேசியதில் அவளுக்குப் பொறாமை என்று முடிவு செய்துகொண்டு வெளியே வந்தேன். வெகுகாலம் அப்படியே நம்பியிருந்தேன்.